கோட்டையும் சில கோடுகளும்
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

நீளமாகப் பேசுவது எளிது; அளவாகப் பேசுவது அரிது. பத்துப் பக்கம் படித்து, அந்தப் பத்துப் பக்கத்தையும் திருப்பிச் சொல்ல நல்ல நினைவாற்றல் இருந்தால் போதும். அதையே பத்து வரியில் சொல்ல வேண்டுமானால் எது வேண்டும், எது வேண்டா என்று தீர்ப்புச் சொல்லும் துணிவு வேண்டும். நன்னூலார் நூலுக்குரிய பத்து அழகுகளை எண்ணும்போது சுருங்கச் சொல்வதை முதலில் வைத்தார். விளங்க வைப்பதை அதன் பின்னே வைத்தார். நூலுக்குரிய பத்துக் குற்றங்களை எண்ணும்போதோ குறைவுபடச் சொல்வதை முதற் குற்றமாகவும், மிகைபடச் சொல்வதை அடுத்த குற்றமாகவும் வைத்தார். சுருக்கவும் வேண்டும், குறைத்துவிடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள ஒற்றையடிப் பாதைதான் சுருக்கி எழுதும் கலை.

பள்ளித் தேர்வில், 'மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக' என்று கேட்பார்கள். இதற்குப் பலர் கையாளும் முறையை நம் பேராசிரியர்கள் நன்கு அறிவர். முதல் வரி ஒன்று, நடு வரி ஒன்று, கடைசி வரி ஒன்று. மேலே ஒரு தலைப்பு. சொற்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும். பொருள் மட்டும் இராது. சட்டையைச் சிறிதாக்கச் சொன்னால் கையையும் கழுத்தையும் வெட்டி எறிந்துவிட்டு மிஞ்சிய துணியைக் கொடுப்பது போன்றது அது.

இந்தக் கலையைச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித் தர முடியுமா? முடியும். கையில் ஒரு சுண்ணக்கட்டியும், எதிரே ஒரு மலையும் இருந்தால் முடியும். செஞ்சியில் எங்கள் தெருத் திண்ணையில் மாலைதோறும் கூடும் பதினொரு பிள்ளைகள் எனக்குக் கற்பித்த பாடம் இது. அதைத்தான் இம்மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

திண்ணைப் பள்ளி

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்து, பிள்ளைகள் எழுத்தையே மறந்துபோன நிலையில், 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டம் வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று நம் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள். எங்கள் தெருவிலும் ஓர் அக்கா தன்னார்வலராக இருந்து மாலை வகுப்பு நடத்தினார். அவர் திருமணமாகிச் சென்ற பிறகு, கூடிப் பழகிய பிள்ளைகள் கலைந்து போகக்கூடாதே என்று நான் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கியதும் நேரே திண்ணைதான்.

அவர்களுள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி படிப்பதைக் கேட்டால் காது குளிரும். தங்கு தடையின்றி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திப் படிப்பாள். ஒருநாள் ஒரு பாடத்தை அவள் படித்து முடித்ததும் கேட்டேன்.

"என்னம்மா படிச்சே?"

"பாடம் படிச்சேன் அக்கா."

"அது எதைப் பத்தி?"

அவள் மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்கினாள். புத்தகத்தை மூடியிருந்தாலும் வரிகள் வழுவாமல் வந்தன. பாடம் முழுவதும் அவளிடம் இருந்தது. பாடம் என்ன சொல்கிறது என்பது மட்டும் இல்லை.

இன்னொருவன் ஏழாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். "எனக்குப் படிப்பு வராது அக்கா" என்று தானே தனக்குத் தீர்ப்பு எழுதி வைத்திருந்தான். ஆனால் அவனுடைய குறிப்பேட்டின் ஓரம் முழுவதும் படங்கள்! மாட்டுவண்டி, நெல் மூட்டை, கோட்டை மதில், மதில்மேல் குரங்கு. பிறர் படிப்பதைக் காதால் கேட்டு அவன் வரைந்தவை அவை. அவளுக்குச் சொல் இருந்தது. இவனுக்குப் பொருள் இருந்தது. இருவரையும் ஒரே பலகையின் முன் உட்கார வைக்க வேண்டும் என்று அன்று தோன்றியது.

புதியதா இது?

படத்தால் பாடத்தைச் சுருக்குவது நேற்று முளைத்த எண்ணமன்று. 1658ஆம் ஆண்டிலேயே ஐரோப்பாவில் கொமேனியஸ் என்னும் கல்வியாளர் படங்களால் ஆன பாடநூல் ஒன்றைச் சிறுவர்களுக்காக வெளியிட்டார். 1970களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்பவரும் அவர் குழுவினரும், கருத்துகளைக் கட்டங்களாக்கிக் கோடுகளால் இணைக்கும் கருத்து வரைபடத்தை உருவாக்கினர். அதே காலத்தில் இங்கிலாந்தின் டோனி பூசான், நடுவிலிருந்து கிளை பிரியும் மன வரைபடத்தைப் பரப்பினார்.

நம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கும் இது வந்து சேர்ந்தது. 2007இல் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் பரவியது. அதை ஒட்டி, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குப் 'படைப்பாற்றல் கல்வி' என்ற முறை வந்தது. பிள்ளைகள் பாடத்தைத் தாமே படித்து, மன வரைபடம் வரைந்து, குழுவாகக் கூடித் தொகுத்து, வகுப்பின் முன் சொல்லி, பிறகே எழுத வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. அரசுப் பள்ளியில் படித்து வந்த நம்மில் பலருக்கு அந்த வரைபடம் நினைவிருக்கும். நடுவே ஒரு வட்டம். சுற்றிலும் சூரியக் கதிர்போலக் கோடுகள்.

நல்ல முறைதான். ஆனால் எல்லாப் பாடத்துக்கும் ஒரே சூரியனை வரைந்தால் அதுவும் ஒரு மனப்பாடமாகிவிடும். ஒரு செய்தி நடந்த கதையாக இருக்கலாம்; மற்றொன்று காரணமும் விளைவுமாக இருக்கலாம்; வேறொன்று ஒப்பீடாக இருக்கலாம். எலும்புக்கூடு உடலுக்கு உடல் மாறுவதுபோல, பாடத்துக்குப் பாடம் படமும் மாற வேண்டும். இதை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கியது எங்கள் ஊர்க் கோட்டை.

கையும் மலையும் வட்டமும்

முதலில் கையை வரைந்தோம். பலகைமேல் ஒரு பிள்ளையின் கையை விரித்து வைத்துச் சுற்றிக் கோடு போட்டால் படம் ஆயிற்று. ஐந்து விரலுக்கு ஐந்து கேள்விகள்: யார்? எங்கே? எப்போது? ஏன்? என்ன ஆயிற்று? உள்ளங்கையில் ஒரே ஒரு வாக்கியம். நடந்த செய்தி எதுவானாலும் இந்தக் கைக்குள் அடங்கும்.

தேசிங்கு ராசன் கதையை எடுத்துக்கொண்டோம். படம் வரையும் அந்தப் பையன் எழுந்தான். பலகை முழுவதும் குதிரை வரைந்தான். அதன் சேணம், கழுத்துமணி, வால்முடி என்று ஒன்று விடவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். தட்டி முடிந்ததும், "குதிரை எந்த விரலுக்குடா பதில்?" என்று அந்த எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள். அவன் சற்று யோசித்து, குதிரையைத் துடைத்துவிட்டு, சுண்டுவிரல் அளவில் ஓரமாக மீண்டும் வரைந்தான். படமும் சுருங்க வேண்டும் என்பது அன்று அனைவருக்கும் விளங்கிற்று. அலங்காரத்துக்கு வரையும் படம் வேறு. அறிவதற்கு வரையும் படம் வேறு.

அடுத்து, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள். ஒரு வட்டம் நாட்டுப்புறக் கதைப்பாடல் சொல்லும் தேசிங்கு. மற்றொன்று வரலாறு சொல்லும் தேசிங்கு. டில்லியில் பாதுசா முன்னிலையில் அடங்காக் குதிரையை அடக்கியது, தோழன் மணக்கோலத்தை விட்டுப் போருக்கு ஓடிவந்தது ஆகியவை கதை வட்டத்தில் இடம்பெற்றன. தந்தை சொரூப் சிங் இறந்தபின் மகனுக்கு வந்த உரிமை பற்றிய தகராறும், கட்டவேண்டிய கப்பப் பாக்கியும், 1714 என்ற ஆண்டும் வரலாற்று வட்டத்தில் இடம்பெற்றன. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு போர், தேசிங்கின் இளவயது மரணம் ஆகிய இரண்டும் நடுவே, இரு வட்டங்களும் கலக்கும் இடத்தில் நின்றன. இருபது நிமிடத்தில் அந்தப் பிள்ளைகள் கண்டதை, நாம் வரலாற்று வரைவியல் என்று பெயரிட்டு ஒரு பருவம் முழுவதும் படிக்கிறோம்!

பின்னர் நீர்வழிப் படம். கோட்டைக்குள் குளங்களிலிருந்து மண்குழாய் வழியே கல்யாண மகாலுக்கு நீர் சென்றதைப் பற்றிய ஒரு பத்தியை அம்புக்குறிகளால் வரைந்தோம். மழை, மலைச்சரிவு, குளம், குழாய், மாளிகை. ஓர் அம்பை அழித்தால் மாளிகைக்குத் தண்ணீர் இல்லை. காரணத் தொடரில் ஒரு கண்ணியை விட்டால் சுருக்கமும் அப்படித்தான் வறண்டுபோகும்.

எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்குப் பிடித்தது மூன்று மலைப் படமே. செஞ்சிக் கோட்டை இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளால் ஆனது. மூன்றையும் நீண்ட மதில் முக்கோணமாக இணைக்கிறது. எந்தக் கட்டுரையையும் படித்து, அதிலுள்ள மூன்று முதன்மைக் கருத்துகளை மூன்று மலைகளாக வரைய வேண்டும். பிறகு மதில் கட்ட வேண்டும். முதல் மலைக்கும் இரண்டாம் மலைக்கும் என்ன உறவு? 'ஆதலால்' என்பதா, 'ஆனால்' என்பதா, 'அதன் பிறகு' என்பதா? அந்தச் சொல்லை மதிலின்மேல் எழுத வேண்டும். மலைகளைக் கண்டுபிடிக்க எல்லாராலும் முடிந்தது. மதில் கட்டத்தான் நாளாயிற்று. மதில் இல்லாத மலைகள் கோட்டை ஆகா; இணைப்பு இல்லாத கருத்துகள் சுருக்கம் ஆகா.

படம் முடிந்ததும் புத்தகத்தை மூட வேண்டும். படத்தை மட்டும் பார்த்து வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகே பேனா. இந்த வரிசையை நாங்கள் மாற்றுவதில்லை. புத்தகம் திறந்திருந்தால் கண் வரியைத் திருடும். படம் மட்டும் இருந்தால் பிள்ளை தன் சொல்லைத் தேடியே ஆகவேண்டும். எட்டாம் வகுப்புப் பெண் முதல் வாரம் திக்கித் திணறினாள். சொந்த வாக்கியம் அவளுக்குப் புதியது. எழுத்துக்கூட்டும் பையனோ படத்தைப் பார்த்து ஆற்றொழுக்காகப் பேசினான். அவன் பேசியதை அவள் எழுதினாள். அவள் எழுதியதை அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். தான் சொன்ன வாக்கியமாதலால் அது அவனுக்குச் சற்று வேகமாகவே படிக்க வந்தது.

கல்லில் ஒரு சுருக்கம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சிங்கவரத்தை அடுத்த திருநாதர் குன்றுக்கு அழைத்துச் சென்றேன். பெரும் பாறையொன்றில் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் உருவங்கள், வரிசைக்குப் பன்னிருவராக இரு வரிசையில் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே மிகப் பழமையான தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை அது தெரிவிக்கிறது. பெயர், நாள் கணக்கு, செய்த செயல். அவ்வளவே!

அவர் பிறந்த ஊர் எது, என்ன கற்பித்தார், மாணாக்கர் எத்தனை பேர் என்று எதுவும் அதில் இல்லை. ஆயினும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மனிதர் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறார். "கல்லிலே வெட்டறதுன்னா கை வலிக்கும் இல்ல அக்கா? அதான் வேணுங்கறத மட்டும் வெட்டியிருக்காங்க" என்றான் ஒரு சிறுவன். சுருக்கத்தின் இலக்கணத்தை இதைவிட நன்றாக நான் எங்கும் கேட்டதில்லை. எழுதுவதற்குக் கை வலிக்குமானால் நாமெல்லாம் எவ்வளவு நன்றாக எழுதுவோம்!

விட்டுப்போனவர் யார்?

சுருக்குவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அது எங்களுக்குத் தெரிந்தது 2025 சூலையில். 'இந்திய மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகள் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பதினொன்று மகாராட்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. ஊரே மகிழ்ந்தது, நாங்களும் மகிழ்ந்தோம். செய்தித்தாளைத் திண்ணையில் வைத்துப் படித்தோம். படித்து முடித்ததும் படம் வரையும் பையன் கேட்டான்: "அப்போ தேசிங்கு ராசா கோட்டை இல்லையா அக்கா இது?"

கேள்வி நியாயமானது. 1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றி வலுப்படுத்தினார். அவர் மகன் இராசாராம் இங்கிருந்து ஆண்டபோது முகலாயத் தளபதி சுல்பிகர்கான் ஏறத்தாழ எட்டாண்டுகள் முற்றுகையிட்டு, 1698இல்தான் பிடித்தார். மராட்டியர் வரலாற்றில் செஞ்சிக்கு உள்ள இடம் உண்மையானது. ஆனால் அதற்கு முன்னே ஆனந்தக் கோன் முதலிய கோன்களை ஊர்மரபு சொல்கிறது. விசயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் ஆண்டனர். பீசப்பூர் சுல்தானின் படை இருந்தது. பின்னே தேசிங்கு, ஆற்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் செஞ்சியின் வரலாற்றைப் பெருநூலாகவே எழுத வேண்டியிருந்தது.

ஒரு பட்டியலுக்கு ஒரு தலைப்புத்தான் இருக்க முடியும், அதில் தவறில்லை. தலைப்பு ஒரு சுருக்கம். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் வெளியே சிலர் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். அவர்கள் யார் என்று கேட்கத் தெரிந்தவனே படித்தவன். அன்று திண்ணையின் குறுக்கே ஒரு கயிறு கட்டினோம். ஆட்சிக்கு ஓர் அட்டை எழுதிக் கால வரிசைப்படி தொங்கவிட்டோம். பின்பு ஒவ்வொரு பிள்ளையும் கோட்டையின் வரலாற்றை ஐந்து வரியில் எழுத வேண்டும் என்றேன். பதினொரு பிள்ளைகளும் பதினொரு விதமாக எழுதினார்கள். ஒருத்தி போர்களை மட்டும் எழுதினாள். ஒருவன் குளங்களையும் நெற்களஞ்சியங்களையும் எழுதி அரசர்களை ஒரே வரியில் முடித்தான். அவன் தந்தை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை சுமப்பவர். எவன் எதை விட்டான், ஏன் விட்டான் என்று அன்று இருட்டும்வரை பேசினோம்.

ஏட்டிலிருந்து வீட்டுக்கு

'இதெல்லாம் எதற்கு? கைபேசியில் கேட்டால் நொடியில் சுருக்கித் தருகிறதே' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தருகிறது; மறுக்கவில்லை. ஆனால் கைபேசி சுருக்கியது சரியா என்று பார்ப்பதற்காவது சுருக்கத் தெரிய வேண்டும் அல்லவா? மேலும் யாருக்காகச் சுருக்குகிறோம் என்பதைப் பக்கத்தில் இருப்பவரே அறிவார்.

சென்ற சம்பாப் பருவத்தில் அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் பாட்டிக்கு, நெற்பயிர்க் காப்பீடு பற்றிய துண்டறிக்கை ஒன்று கிடைத்தது. இரண்டு பக்கம், நெருக்கமான எழுத்து, நீளமான வாக்கியங்கள். பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஒன்றரை ஏக்கர் நிலமும் அந்தப் பேத்தியும்தான் அவருடைய உலகம். பேத்தி முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறாள். "படிச்சது போதும் கண்ணு, நான் என்ன செய்யணும், அதைச் சொல்லு" என்றாராம் பாட்டி.

அவள் அடுப்பங்கரைச் சுவரில் கரித்துண்டால் ஒரு கை வரைந்தாள். முதல் விரலில் எந்தப் பயிர். அடுத்த விரலில் எவ்வளவு பணம். நடு விரலில் கடைசித் தேதி. அடுத்ததில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய நான்கிற்கும் நான்கு சிறு கட்டங்கள். சுண்டுவிரலில் எங்கே போய்க் கட்டுவது. உள்ளங்கையில் ஒரே வாக்கியம்: பயிர் அழிந்தாலும் கடன் மிஞ்சாமல் இருக்க இது. எழுத்தறியாத பாட்டி அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினார். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கிய அன்று ஒரு கட்டத்தின்மேல் தாமே கோடு போட்டாராம். தேதி கடக்கு முன்பே காப்பீடு கட்டியாயிற்று.

அவ்வாண்டு மழை முறையாகவே பெய்தது, பயிர் அழியவில்லை. ஆயினும் அந்தச் சுவரை இன்னும் வெள்ளையடிக்கவில்லை. பாட்டி விடமாட்டேன் என்கிறார்.

நண்பர்களே, நாம் மூன்றாண்டுகள் இக்கல்லூரியில் படிக்கிறோம். பேராசிரியப் பெருமக்கள் நமக்காக எத்தனையோ நூல்களைச் சுருக்கிக் குறிப்புகளாகத் தருகிறார்கள். நாம் பெற்றது நம் குறிப்பேட்டோடு நின்றுவிடலாமா? நம் தெருக்களில் படிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பொருள் தெரிந்தும் படிப்பு வராது என்று தம்மைத் தாமே ஒதுக்கிக்கொண்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை போதும். ஒரு திண்ணை, ஒரு பலகை, ஒரு சுண்ணக்கட்டி போதும். மலை இல்லாத ஊரில் ஏரியும் மதகும் இருக்கும். ஏரியில்லாத ஊரில் ஆலமரமும் விழுதும் இருக்கும். கருத்துக்கு உருவம் தர அந்தந்த ஊரிலேயே ஏதேனும் ஒன்று காத்திருக்கும். அதைப் பார்த்து நாலு கோடு போடச் சொல்லிக்கொடுங்கள். அந்த நாலு கோட்டிலிருந்து பிள்ளை தன் சொந்த வாக்கியம் ஒன்றைச் சொல்லும். அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை மாலைகள் காத்திருந்தாலும் தகும்.